பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திய பிறகு, எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "இதையே ஓட்டலாமா, இல்ல புதுசு வாங்கணுமா?" நான் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். புதுசு வேண்டாம், ஒரு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிரைவ்) வாங்குங்கள், அதில் ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) ஏற்றுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபைல்களுக்காக அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். செய்வது பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. ஆனால் எதற்குப் பிறகு எது என்ற வரிசை தவறினால் ஒருவர் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த வேலை மொத்தமும் போய்விடும். அப்படிப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அரூர் பக்கம் கல்யாண ஃபோட்டோ எடுக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்தார். எஸ்எஸ்டி போட்டு ஓஎஸ் ஏற்றிக் கொடுத்தார்கள், கூடவே "பழைய டிஸ்க்கையும் கிளீன் பண்ணிட்டோம் சார்" என்று நல்ல செய்தி போலவே சொல்லியிருக்கிறார்கள். கிளீன் என்றால் இருந்த பார்ட்டிஷன்களை (சி, டி என்ற பிரிவுகளை) எல்லாம் அழித்து ஒரே டிரைவாக ஃபார்மேட் செய்தது. உள்ளே இருந்தவை இன்னும் ஆல்பம் போட்டுக் கொடுக்காத கல்யாணங்கள். நல்ல வேளையாக அது குவிக் ஃபார்மேட், அதாவது ஃபைல்களின் அட்டவணை மட்டும் புதிதாக எழுதப்பட்டிருந்தது, படங்கள் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. அதனால் மீட்பு மென்பொருளை ஓட்டிப் பெரும்பகுதியை எடுக்க முடிந்தது. எடுத்தோம் என்றாலும் பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை, யார் கல்யாணம் எது என்று ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. அதுவே முழு ஃபார்மேட்டாக இருந்திருந்தால், விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் முழு டிஸ்க்கிலும் பூஜ்ஜியத்தை எழுதிவிடுகிறது, ஒன்றுமே மிஞ்சியிருக்காது. எஸ்எஸ்டியாக இருந்தாலும் அழித்த இடத்தை டிரைவே காலி செய்துவிடும் டிரிம் என்ற ஏற்பாட்டால் மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

அந்தக் கடைக்காரர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. புது டிரைவ்தான் முக்கியம், பழையது சும்மா கூட இருப்பது என்று நினைத்துச் செய்தார்கள். எனக்கு இதில்தான் கருத்து வேறுபாடு. எஸ்எஸ்டி நாளைக்கே கெட்டாலும் சேலம் பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் இன்னொன்று வாங்கிவிடலாம், ஓஎஸ்ஸை ஒரு மணி நேரத்தில் திரும்பவும் ஏற்றிவிடலாம். பழைய டிஸ்க்கில் இருப்பதை எங்கேயும் வாங்க முடியாது. அதனால் மொத்த வேலையையும் பழைய டிஸ்க்குக்கு ஒரு கீறலும் விழாதபடி வரிசைப்படுத்த வேண்டும்.

எங்கள் சித்தப்பா பாலக்கோட்டில் டைப்பிங் கடை வைத்திருக்கிறார். கிரயப் பத்திரம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, அடமானம் என்று பத்திர வேலைதான் முக்கால்வாசி. அந்தத் தொழிலில் பழைய ஃபைல் என்பது வெறும் பழைய ஃபைல் இல்லை. ஒரே நிலம் மறுபடி கைமாறும், அப்பா பெயரில் அடித்தது பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வரும், அப்போது சர்வே எண், செக்குபந்தி, இன்னாருக்குக் கிழக்கு இன்னாருக்கு மேற்கு என்று எல்லாவற்றையும் முன்பு அடித்ததிலிருந்துதான் எடுத்துச் சரிபார்ப்பார்கள். ஊர்வாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறார்: மாரண்டஅள்ளி, காரிமங்கலம், பெரியாம்பட்டி, பாப்பாரப்பட்டி. முந்தைய கம்ப்யூட்டரிலிருந்து வந்தவையும் அதே டிஸ்க்கில் இருக்கின்றன. எட்டாம் தலைமுறை ஐ3, 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு எதிரே டீ குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் நிலைமையில் இருந்தது.

அது ஏன் அவ்வளவு மெதுவாக இருந்தது என்று தெரிந்தால்தான் பழையதை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பதும் தெரியும். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றுகிறது, ஊசி போன்ற ஒரு கை அதன் மேல் முன்னும் பின்னும் நகர்ந்து படிக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி வினாடி. கை நகர்ந்து சரியான வட்டத்துக்குப் போய், தேவையான இடம் சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று படிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை, அந்தக் காத்திருப்பு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. சாட்டா (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே இணைப்பு) எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பி வரை படிக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதைவிட இதுதான் பெரிய விஷயம். அதே சமயம் ஒரு பத்திர ஃபைலைத் திறப்பதற்கு ஹார்ட் டிஸ்க் தாராளமாகப் போதும். ஓஎஸ்ஸும் மென்பொருள்களும் புதியதில், பத்திரங்கள் பழையதில் என்ற பங்கீடு இந்தக் காரணத்தால்தான் பொருந்துகிறது. 1 டிபி எஸ்எஸ்டி வாங்கத் தேவையில்லை, 240 அல்லது 256 ஜிபி போதும்.

பழைய டிஸ்க் தொடர்ந்து வேலை பார்க்கத் தகுதியானதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளைக் காட்டும். அதில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார் (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு), காத்திருப்பில் உள்ள செக்டார், சரிசெய்ய முடியாத செக்டார் என்ற மூன்று வரிகள்தான் எனக்கு முக்கியம். மூன்றும் பூஜ்ஜியம் என்றால் நிம்மதி. காத்திருப்பு வரியில் எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால் வேறு எதையும் செய்யாமல் முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள், அந்த டிஸ்க்கை இனி எதற்கும் நம்ப வேண்டாம். சிஆர்சி பிழை என்று ஒரு வரி இருக்கும், அது மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, கேபிளை மாற்றினால் போதும், டிஸ்க்கைக் குறை சொல்லி மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சித்தப்பாவின் டிஸ்க் சுத்தமாக இருந்தது.

ஆரோக்கியமான டிஸ்க் என்றாலும் கை வைப்பதற்கு முன் ஒரு நகல் வேண்டும். வெளியே மாட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் காப்பி போட்டோம். காப்பி போடும்போது டி டிரைவை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் சி டிரைவில்தான் இருக்கின்றன, அவசரத்தில் அடிக்கிறவர்கள் டெஸ்க்டாப்பில்தான் சேமிப்பார்கள். ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகம் போன்ற சின்னம் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் டிஸ்க்கிலேயே இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதையெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள் என்று சொல்லி இறக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

டாலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள் (திருப்பி ஒப்படைத்துவிட்டால் புதியதில் சிக்கலில்லாமல் போடலாம்), மென்பொருளிலேயே அதற்கு வழி இருக்கிறது. காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டிக் கணக்கு எழுதும் ஒருவருக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். சீசன் நடுவில் லைசென்ஸுக்காக ஃபோன் மேல் ஃபோன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. லேப்டாப் என்றால் டிரைவ் என்கிரிப்ஷன் (தகவலைப் பூட்டி வைக்கும் குறியாக்கம்) போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் பழைய டிஸ்க்கை வேறு ஓஎஸ்ஸில் மாட்டினால் திறக்கவே திறக்காது. விண்டோஸ் லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்றால் அந்த உரிமை மதர்போர்டோடு சேர்த்துத்தான் பதிவாகியிருக்கும். டிரைவை மாற்றிவிட்டு அதே எடிஷனை ஏற்றி இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகும், 11 ஏற்றினாலும் அப்படித்தான். கீ வாங்கியே ஆக வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக மூடினால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் போகிறது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால். அந்த நிலையில் இருக்கும் டிரைவை வேறு ஓஎஸ் தொட்டால் ஃபைல் அமைப்பு குழம்ப வாய்ப்பு உண்டு. ஷிஃப்ட் பிடித்து மூடினால் முழுதாக மூடும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். எஸ்எஸ்டியை மாட்டுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்குங்கள். கேபினெட் மூடியைத் திறந்தால் பாலக்கோட்டுச் செம்மண் தூசி ஒரு படலமாக இருந்தது, அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டு கேபிள் வரும். அகலமானது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மின்சாரம். மெலிதாக, பெரும்பாலும் சிவப்பாக இருப்பது சாட்டா டேட்டா கேபிள், அதன் முனையில் சின்ன உலோக நாக்கு இருந்தால் அதை அழுத்திக்கொண்டுதான் இழுக்க வேண்டும், வெறுமனே இழுத்தால் போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் உடையும். டேட்டா கேபிளை மட்டும் கழற்றினாலே போதும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இரண்டு காரணம். ஒன்று, விண்டோஸ் இன்ஸ்டாலர் டிரைவ்களைப் பெயர் சொல்லிக் காட்டாது, டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் காட்டும். அந்தப் பட்டியலில் தவறான வரியில் டெலீட் அழுத்தினால் கதை முடிந்தது. அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள், 1 டிபி அங்கே 931 ஜிபி என்றும் 240 ஜிபி எஸ்எஸ்டி 223 என்றும் தெரியும், சரிதான், ஆனால் கேபிளைக் கழற்றி வைத்திருந்தால் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருப்பது ஒரே டிரைவ்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் கிளம்பும் கம்ப்யூட்டரில் ஓஎஸ்ஸைக் கிளப்பிவிடும் சின்ன நிரல் ஒரு தனிப் பார்ட்டிஷனில் இருக்கும், 100 எம்பி அளவில், ஃபேட்32 வடிவில், இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்பார்கள். பழைய டிஸ்க் மாட்டியே இருந்தால் இன்ஸ்டாலர் அதில் ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பார்த்துவிட்டு, புது எஸ்எஸ்டியில் தனியாக ஒன்று உருவாக்காமல் பழையதிலேயே தன் நிரலையும் வைத்துவிடக் கூடும். புது வீட்டுக்குக் குடி போய்விட்டுச் சாவியைப் பழைய வீட்டு ஆணியில் மாட்டி வைத்த மாதிரிதான். அன்றைக்கு எல்லாம் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க் பழுதாகி அதைக் கழற்றும் நாளில் எஸ்எஸ்டியில் நல்ல விண்டோஸ் இருந்தும் கம்ப்யூட்டர் பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரையில் நிற்கும். இப்படி ஒரு கம்ப்யூட்டர் என்னிடம் வந்தது, எஸ்எஸ்டியில் புதிதாக இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி பூட் ஃபைல்களை அதில் எழுதிச் சரிசெய்தேன், ஆனால் சம்பந்தப்பட்டவர் அதற்குள் எஸ்எஸ்டியும் போய்விட்டது என்று இன்னொன்றுக்குக் காசு கட்டியிருந்தார். கேபிளைக் கழற்றி வைத்து ஏற்றினால் இந்தப் பிரச்சினையே வராது. ஒவ்வொரு டிரைவும் தன் காலிலேயே நிற்கும்.

ஏற்றும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 8 ஜிபி பென்டிரைவ், அதில் விண்டோஸை எழுத மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் அல்லது ரூஃபஸ், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில்) யூஇஎஃப்ஐ முறை, டிரைவின் பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி வகை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்து மேலே வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். டிபிஎம் இல்லை என்று சொன்னால் உடனே கைவிடாதீர்கள், பல மதர்போர்டுகளில் அது இன்டெல் பிடிடி என்ற பெயரில் பயாஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், சித்தப்பா கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் இருந்தது. பதினோராம் தலைமுறை லேப்டாப்புகளில் சில நேரம் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியாது, டிரைவ்களை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்புதான் காரணம், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரைப் பென்டிரைவில் போட்டு இன்ஸ்டாலரில் லோட் டிரைவர் கொடுத்தால் தெரிந்துவிடும். லேப்டாப்புக்கு எம்.2 (சின்னப் பட்டை வடிவ) எஸ்எஸ்டி வாங்கும் முன் அந்த ஸ்லாட் எதை ஏற்கும் என்று பார்த்துவிடுங்கள், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சிலது சாட்டா மட்டும் ஏற்கும், சிலது அதைவிட வேகமான என்விஎம்இ மட்டும். ரொம்பப் பழைய, யூஇஎஃப்ஐ இல்லாத போர்டு என்றால் எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறையிலேயே ஏற்றலாம், 2 டிபிக்குள் இருக்கும் எஸ்எஸ்டிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. பழைய டிஸ்க் எம்பிஆர், புதியது ஜிபிடி என்று கலந்திருந்தாலும் பரவாயில்லை, பழையதில் இருந்து பூட் செய்யப் போவதில்லையே.

எல்லாவற்றையும் அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் (முழு நகல்) செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், மென்பொருள்கள் அதிகம் வைத்திருப்பவர்களுக்கு அது சுலபம். ஆனால் பல வருடக் குப்பையும் சேர்ந்தே வரும், அதனால் நான் புதிதாக ஏற்றுவதைத்தான் விரும்புகிறேன். குளோன் செய்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இரண்டு டிஸ்க்குக்கும் அடையாள எண் ஒன்றாகவே இருக்கும், இரண்டையும் மாட்டிக் கிளப்பினால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். அங்கேயும் முதல் தடவை பழையதைக் கழற்றி வைத்துத்தான் கிளப்ப வேண்டும்.

விண்டோஸ் ஏறி, அப்டேட் முடிந்து, ஒரு தடவை மூடித் திறந்து பார்த்த பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பழைய டிஸ்க்கின் கேபிளை மாட்டினேன். மாட்டியவுடன் பயாஸுக்குப் போய் முதலில் பூட் ஆக வேண்டியது எஸ்எஸ்டி என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பழைய விண்டோஸே எழுந்து நிற்கும். அப்புறம் டிரைவ் எழுத்துகள். முன்பு டி என்று இருந்தது இப்போது இ என்றோ எஃப் என்றோ வரலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் ஷார்ட்கட், டாலி தேடும் ஃபோல்டர் எல்லாம் அந்த எழுத்தை நம்பித்தான் இருக்கின்றன. பழைய யூசர் ஃபோல்டரைத் திறந்தால் உங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லும். பெயர் ஒன்றாக இருந்தாலும் புது விண்டோஸுக்கு நீங்கள் புது ஆள்தான். கன்டினியூ கொடுத்தால் அனுமதியை மாற்றி எழுதும், ஃபைல் நிறைய இருந்தால் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்த வேண்டாம்.

இந்த இடத்தில் சித்தப்பா பொறுமை இல்லாமல் மாரண்டஅள்ளி ஃபோல்டருக்குள் போய் ஒரு கிரயப் பத்திரத்தைத் திறந்துவிட்டார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக இருந்தது. முகம் வாடிப்போய்விட்டது. "எல்லாம் போச்சாப்பா?"

ஒன்றும் போகவில்லை. பத்திர எழுத்தர்கள், டிடிபி கடைகள், பழைய அரசு அலுவலகக் கடிதங்கள் எல்லாம் வருடக்கணக்காகப் பாமினி, வானவில், செந்தமிழ் போன்ற ஃபான்ட்களில் அடிக்கப்பட்டவை. எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் பொதுக் குறியீடான யூனிகோட் இல்லை. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்தின் எண்தான், அந்த எண்ணுக்குத் தமிழ் உருவத்தைக் காட்டுவது ஃபான்ட். பாமினியில் அம்மா என்று அடித்திருந்தால் ஃபைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகள்தான் இருக்கும். ஃபான்ட் இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் அந்த ஐந்து குறி. புது ஓஎஸ்ஸில் பாமினி எங்கிருந்து வரும்? இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போதே வயிறு எரிகிறது.

ஃபான்ட் எல்லாம் பழைய டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கிறது. பழைய விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர். அதில் இல்லாவிட்டால் யூசர் பெயரில் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தேட வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து ஃபான்ட்டை ஒரு யூசருக்கு மட்டும் நிறுவும் வழக்கம் வந்துவிட்டது. தமிழ் ஃபான்ட்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ரைட் கிளிக் செய்து, எல்லா யூசருக்கும் நிறுவு என்று கொடுத்தேன். வேர்டை மூடித் திறந்ததும் "கீழ்க்கண்ட சொத்து விவரம்" என்று பத்திரம் பழையபடி நின்றது. சித்தப்பா அடுத்தடுத்து ஏழெட்டு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதன் பிறகு அவருக்குப் பழகிய விசைப்பலகை அமைப்பை என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் போட்டுக் கொடுத்தேன். பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிட்டு நகலிலிருந்து ஃபைல்களை மட்டும் திரும்பப் போட்டிருந்தால் இந்த ஃபான்ட்களைத் தேடி ஊர் ஊராக அலைந்திருப்போம். ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் பல பதிப்பு இருக்கிறது, சிலதில் ஒன்றிரண்டு எழுத்து இடம் மாறும், பத்திரத்தில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மென்பொருள்கள் மட்டும் இப்படி வராது. பழைய டிஸ்க்கில் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் அப்படியே இருக்கிறதே, அதிலிருந்தே ஓட்டலாமே என்று கேட்பார்கள். ஓடாது, சில சின்ன மென்பொருள்களைத் தவிர. ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் பதிவேட்டில் பதிவான விவரங்கள் பழைய விண்டோஸோடு இருக்கின்றன, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். பிரின்டர் டிரைவரும் அப்படித்தான்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை நிரந்தரமாகப் பழைய டிஸ்க்குக்கே திருப்பிவிடலாம். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்று ஒரு பகுதி இருக்கும், அதில் புது இடத்தைக் காட்டினால் போதும். இனி சித்தப்பா பழக்கத்தில் டாக்குமென்ட்ஸில் சேமித்தாலும் அது 1 டிபி டிஸ்க்குக்குப் போகும், எஸ்எஸ்டி நிரம்பாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிட்டேன், இரண்டு விண்டோஸ் ஒரே டிஸ்க்கைப் பார்க்கும்போது அது இருக்கக் கூடாது.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் ஏற்றுபவர்களுக்கும் இதே வரிசைதான். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த கருவிகள் இன்னும் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு அலமாரியில் இருக்கின்றன. விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது, திறந்து பார்த்தவர்கள் குறைவு. அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினால் பிள்ளைகள் படிக்க, தட்டச்சு செய்ய நன்றாகவே உழைக்கும். பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டுக்கொள்ளலாம், அல்லது டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) வைத்து மாட்டலாம், கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமனில் வரும், அளந்துவிட்டு வாங்குங்கள். டெஸ்க்டாப்பில் பழைய டிஸ்க் நிரந்தரமாக மாட்டியிருக்கும் என்றால் எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அதன் யூயூஐடியை (அடையாள எண்ணை) எழுதும்போது நோஃபெயில் என்ற சொல்லையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் அந்த டிஸ்க் என்றைக்காவது கழன்றிருந்தால் கம்ப்யூட்டர் அதைத் தேடிக்கொண்டு பூட் ஆகாமல் நிற்கும். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபார்மேட்) டிஸ்க்கில் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் அதைப் பாதித் தூக்கத்தில் விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பழைய விண்டோஸை எப்போது அழிப்பது என்று கேட்டால், அவசரம் வேண்டாம் என்பேன். கேபிளைக் கழற்றி ஏற்றியதால் பழைய டிஸ்க்கில் இருந்து இப்போதும் தனியாக பூட் செய்ய முடியும். ஆன் செய்யும்போது பூட் மெனுவுக்கான விசையைத் தட்டி அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய விண்டோஸ் அப்படியே எழும். பிரவுசரில் சேமித்த ஏதோ ஒரு பாஸ்வேர்ட், ஸ்கேனரின் ஏதோ ஒரு அமைப்பு என்று ஞாபகம் வராத பொருள் எல்லாம் முதல் சில வாரங்களில்தான் தேவைப்படும். ஒரு மாதக் கணக்கு முடிகிற வரையாவது, பத்திரக் கடை என்றால் அதற்கும் மேலே, விட்டு வையுங்கள். அதன் பிறகு பழைய சி பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மேட் செய்யலாம். டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் கிளீன் என்ற கட்டளையை எந்தக் காரணத்துக்காகவும் அடிக்காதீர்கள், அது ஒரு பார்ட்டிஷனை மட்டும் அழிப்பதில்லை, டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையையே அழித்துவிடும். மிச்சம் இருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன் கண்ணை உறுத்துகிறது என்று அதையும் அழிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள், 931 ஜிபியில் அந்த 100 எம்பியால் என்ன வந்துவிடப் போகிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

வெளி டிஸ்க்கில் எடுத்த நகலையும் தூக்கிப் போட வேண்டாம். பழைய டிஸ்க் இப்போது தினமும் வேலை பார்க்கிறது, ஒருநாள் அதுவும் நின்றுபோகும், அதற்கு இன்னொரு நகல் எப்போதும் இருக்க வேண்டும். அந்த நகலை எஸ்எஸ்டியில் எடுத்து பீரோவில் பூட்டி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டியில் தகவல் காலப்போக்கில் கரையும். அதன் ஆயுளையெல்லாம் எழுதித் தீர்த்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், ஓராண்டு தாங்கினால் போதும் என்பதுதான் மின்னணுத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு சாதாரணப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகளுக்கு வைத்திருக்கும் வரையறை. சித்திரை மாதத்தில் எங்கள் ஊர் பீரோவுக்குள் 30 டிகிரியில் நிற்காது. அலமாரியில் வைக்க ஹார்ட் டிஸ்க்தான் மேல், அவ்வப்போது எடுத்து மாட்டி ஓட விட்டுப் பாருங்கள்.

சித்தப்பா கடையில் இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்து உட்கார்ந்த உடனே அடிக்க ஆரம்பித்துவிடலாம். அடுத்த வேலை பாமினி ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றுவது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, எத்தனை நாளைக்குப் பழைய ஃபான்ட்டையே சுமப்பது? மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் பட்டா எண்ணும் ஆங்கிலப் பெயரும் கலந்து வரும் இடத்தில் பிசகுகின்றன, அதனால் ஒவ்வொரு பத்திரத்தையும் கண்ணால் பார்த்துத்தான் சேமிக்க வேண்டியிருக்கிறது. பெரியாம்பட்டி ஃபோல்டரில் இருந்து ஆரம்பித்திருக்கிறோம். மூல ஃபைல்களைத் தொடாமல் பக்கத்தில் யூனிகோட் என்று தனி ஃபோல்டர் போட்டு அதில் சேமிக்கிறோம்.